பார்த்ததை மட்டும் சொல்கிறவர்

அவரிடம் மணி என்ன என்று கேட்டால் லேசில் பதில் வராது. முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "இதுல பத்து பத்து காட்டுது. காலையில ஸ்டேஷன் கடிகாரத்தோட சரி பார்க்கல," என்பார். கேட்டவன் ரயிலைப் பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் ஓடுவான். "அந்தாண்ட மழையாப்பா?" என்று யாராவது கேட்டுவிட்டால், "நான் கெளம்பச்சொல்ல பேஞ்சிகினு இருந்துது. இப்ப தெரியாது," என்பார். திண்டிவனத்தில் இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஊர்வம்பு பேச முடியாது. அவர் வந்து உட்கார்ந்தால், நன்றாகப் போய்க்கொண்டிருந்த பேச்சு அப்படியே படுத்துவிடும்.

யுத்தத்தில் சண்டை விமானம் ஓட்டியவர் அவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், நான் எழுதுவதில் எது நான் பார்த்தது, எது கேள்விப்பட்டது என்று அவர் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் புத்தி அவர்களுக்கும் வந்திருக்கிறது.

என் கணவருக்கு அவர் உயிர்ச் சிநேகிதர். இருவரும் திண்டிவனத்துக்காரர்கள், மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளைகிற நிலத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சென்னையில் காலேஜ் படித்தபோது விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கிளப் ஒன்றில் சேர்ந்து, வீட்டுக்குத் தெரியாமல் பறக்கப் பழகிவிட்டார்கள். அங்கிருந்து விமானப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் ஒரே நாளில் போய் நின்றார்கள். வடக்கே பஞ்சாப் பக்கம் பயிற்சி. அப்போதெல்லாம் இந்தியர்கள் விமானம் ஓட்டுவது பெரிய அதிசயம். அதிலும் தென்னாற்காட்டுப் பையன்கள் இரண்டு பேர் என்றால் கேட்க வேண்டுமா?

நான் விழுப்புரத்துப் பெண். என் அப்பா ரயில்வே கார்டு. பெண் பார்க்க மாப்பிள்ளையோடு அவரும் வந்திருந்தார். மாப்பிள்ளை தலையே நிமிரவில்லை. நான் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினேன். என் மாமியாராகப் போகிறவர் மகனைக் கேட்டுப் பிரயோசனமில்லை என்று இவரிடம், "நீ சொல்லுப்பா, பொண்ணு எப்படி?" என்றார். இவர் யோசித்து, "வலது பக்கந்தான் தெரிஞ்சிதும்மா. அந்தப் பக்கம் நல்லாத்தான் இருந்துது," என்றார். கூடமே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் நிலைப்படியில் நின்று முழு முகத்தையும் திருப்பி அவரை முறைத்தேன். "இப்ப ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன்," என்றார், சிரிக்காமல். என் கல்யாணம் அப்படி நிச்சயமானது.

லீவில் வந்த நாட்களில் என் வீட்டுக்காரர் சொல்வார்: "அவன் சும்மாவே அப்படி. எங்க வேலை அவனை இன்னும் கெடுத்துடுச்சு." பறந்துவிட்டு இறங்கினதும் ஓர் அதிகாரி பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பாராம். எதிரி விமானத்தைச் சுட்டேன் என்றால் விடமாட்டாராம். தீப்பிடித்ததைப் பார்த்தாயா? தரையில் விழுந்ததைப் பார்த்தாயா? வேறு யார் பார்த்தார்கள்? விழுந்ததைப் பார்த்தால் அது ஒரு கணக்கு. புகைந்தபடி போனது என்றால் வேறு கணக்கு. குண்டு பட்ட மாதிரி இருந்தது என்றால் அது கணக்கிலேயே சேராது. மற்ற பையன்கள் அந்த அதிகாரியிடம் வாதாடுவார்களாம். இவர் மட்டும் அதிகாரி கேட்பதற்கு முன்பே தானே தன்னைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்வாராம்.

முதலில் அவர்கள் ஓட்டியவை துணி போர்த்திய இறக்கைகளும் மேலே மூடியில்லாத இருக்கையும் கொண்ட பழைய விமானங்கள். காற்று முகத்தில் அறையுமாம். இறங்கிய பிறகும் காது வெகுநேரம் இரைந்துகொண்டிருக்குமாம். பர்மாவில் சண்டை முற்றியபோது ஹரிகேன் கொடுத்தார்கள். ஒரே ஆள் உட்காருகிற விமானம். அதில் போகிறவனுக்கு முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் பார்ப்பதுதான் பெரிய வேலையாம். கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சட்டைக் காலர் அறுத்துவிடும் என்று பட்டுத்துணியைச் சுற்றிக்கொள்வார்களாம். இதை என் வீட்டுக்காரர் சொல்லி நான் கேட்டது. நான் பார்த்தது, ஊருக்கு வந்த பிறகும் இந்தச் சிநேகிதர் கடைத்தெருவில் நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது. கடன்காரன் வருகிறானோ என்று பார்க்கிறார் என ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

யுத்தம் முடிவதற்கு முன்பே அவர் ஊர் திரும்பிவிட்டார். உயரத்திலிருந்து சரேலென்று இறங்கியதில் இடது காதின் சவ்வு கிழிந்துபோனது. இனிமேல் பறக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, நாகஸ்வரம் வைத்து, வரவேற்புக் கொடுத்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் எழுந்து, "ஏழு ஜப்பான் விமானங்களைச் சுட்டு வீழ்த்திய சிங்கம்!" என்று முழங்கினார். ஒரே கைதட்டல். அவர் எழுந்தார். "ஏழு இல்லீங்க. ஒண்ணைத்தான் சுட்டேன். அது புகைஞ்சிகினே போச்சு. விழுந்துதா, ஊரு போய்ச் சேர்ந்துதான்னு தெரியாது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாகஸ்வரக்காரர் வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சீவாளியை வாயில் வைத்தபடி நின்றார்.

அவருடைய அம்மாவையே அவர் விட்டுவைக்கவில்லை. யுத்த காலத்தில் எங்கள் ஊருக்கு மேல் விமானம் போகும். அந்த அம்மாள் ஒவ்வொரு விமானத்துக்கும் களத்தில் நின்று முந்தானையை வீசுவார். ஒரு தடவை ஒரு விமானம் தாழப் பறந்து இறக்கையை ஆட்டிவிட்டுப் போனது. என் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுப் போனான் என்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். ஊருக்கு வந்ததும் இவர் அது எந்த நாள் என்று கேட்டுவிட்டு, "அது நான் இல்லம்மா. அப்ப நான் பர்மாவுல இருந்தேன்," என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? நானே கேட்டேன். "அது வேற எவனோ ஒருத்தன் ஆட்டினது, தங்கச்சி. நான் எப்படி எடுத்துக்கறது?" என்றார்.

ஆனால் அந்தக் குணம் ஒரு மனிதனின் முதுகைக் காப்பாற்றியதையும் பார்த்திருக்கிறேன். அறுவடைக் காலத்தில் பக்கத்து வீட்டுக் களத்திலிருந்து மல்லாட்டை மூட்டை ஒன்று காணாமல் போனது. சேரியிலிருந்து கூலிக்கு வந்த ஒருவரைப் பிடித்துப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். கயிறும் வந்துவிட்டது. இவர் போய் நின்று, "யாரு பார்த்தது?" என்றார்.

"ஊரே சொல்லுதுப்பா."

"ஊரு சொல்றது இருக்கட்டும். உங்க கண்ணு பார்த்துதா?"

ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர், "அவன் அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன்," என்றார். "மூட்டையோட போனானா?" "மூட்டை கண்ணுல படல." கடைசியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கூலிக்காரர் அழுதபடி கும்பிட வந்தபோது இவர் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. "நீ எடுக்கலன்னு நான் சொல்லல. எடுத்ததை யாரும் பார்க்கலன்னுதான் சொன்னேன்." அந்த மனிதரின் முகம் சுருங்கிப்போனது. அடியிலிருந்து காப்பாற்றியவர் ஒரு நல்ல வார்த்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். அது அவரிடம் இருப்பில் இல்லை.

இப்படிப்பட்ட மனிதரின் வாயில்தான் என் வாழ்க்கை மாட்டிக்கொண்டது.

என் கணவரைக் காணவில்லை என்று தந்தி வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது தீபாவளி தாண்டவில்லை. கொஞ்ச நாள் கழித்து, இறந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்று சர்க்கார் எழுதியது. மாமா, அதாவது என் மாமனார், அதை ஒப்புக்கொள்ளவில்லை. கூடப் போனவன் வரட்டும் என்றார். கூடப் போனவர் இவர்தான். காது கிழிந்து ஊர் வந்ததும், தன் வீட்டுக்குப் போவதற்கு முன் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

"கீழேருந்து சுட்டாங்க. அவன் வண்டியில புகை வந்துது. மேகத்துக்குள்ள போயிட்டான். அதுக்கப்புறம் நான் பார்க்கல," என்றார்.

"விழுந்ததைப் பார்த்தியாப்பா?" என்றார் மாமா.

"பார்க்கல."

அத்தை, என் மாமியார், அங்கேயே மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று தோன்றியிருக்கும். சொன்னவர் இவராயிற்றே! அப்புறம் தன் வீட்டுக்குப் போய், அம்மா வீசிய முந்தானைக்குக்கூட ஆமாம் போடாதவர். "சர்க்காரு என்னா பக்கத்துல நின்னு பார்த்துச்சா? பார்த்த புள்ளை பார்க்கலன்றான்," என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். அவர் பார்க்கவில்லை என்றது, நாள் போகப்போக, என் கணவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கே சாட்சியாகிவிட்டது.

நான் அந்த வீட்டில் இரண்டு வருஷம் சுமங்கலியாக இருந்தேன். அத்தை தினமும் தன் கையால் எனக்குப் பூ வைத்துவிடுவார். அன்பாகத்தான். ஆனால் கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு வரிசையாக வந்து என் முன்னால் கொஞ்சம் நிற்கும். தட்டை ஏந்திய பெண் திரும்பித் தன் தாயாரைப் பார்ப்பாள். தாயார் கண்ணால் ஏதோ சொல்வாள். பிறகுதான் தட்டு நகரும். சில வீடுகளில் கொடுத்தார்கள், சில வீடுகளில் தாண்டிப் போனார்கள். எது நடக்கும் என்று தெரியாமல் நெற்றியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலம் என்று உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். அழவும் கூடாது. கண் கலங்கினால் அத்தை ஓடிவந்து துடைப்பார். "உசிரோட இருக்கிறவனுக்கு அழுவாதம்மா, ஆகாது," என்பார்.

என் அப்பா விழுப்புரத்திலிருந்து ஒருநாள் ஒரு செய்தியோடு வந்தார். கணவனை இழந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தங்க இடம் கொடுத்து, ஆசிரியைப் பயிற்சி தரும் பள்ளி ஒன்று சென்னையில் இருக்கிறது. நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள். எனக்கு அந்தப் பள்ளியின் பெயரைக் கேட்டதுமே பசி எடுத்த மாதிரி இருந்தது. மாமா கத்தினார்: "எம் புள்ளை திரும்பி வர்றப்ப பொண்டாட்டி முண்டச்சிங்க பள்ளிக்கூடத்துல இருக்கான்னு சொல்லவா?" அப்பா ஜல்தியாகக் கிளம்பிப் போய்விட்டார். நான் சமையலறையில் கேப்பை மாவைச் சலித்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் இப்படியே சலித்துக்கொண்டு கிழவியாகிவிடுவேன் என்று அன்றைக்கு முதன்முதலாகப் பயந்தேன்.

அடுத்த தடவை அந்தச் சிநேகிதர் வந்தபோது மாமா வயலுக்குப் போயிருந்தார். அத்தை முற்றத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். நான் மோர் கொடுக்கிற சாக்கில் அவருடைய வலது காதுப் பக்கம் போய் நின்றேன்.

"அண்ணா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும்."

"சொல்லு தங்கச்சி."

"அவர் விழுந்ததைப் பார்த்தேன்னு மாமாகிட்ட சொல்லிடுங்க."

மோர் அவர் கையிலேயே நின்றது.

"நீங்க பார்க்கலன்னு தெரியும். பொய்தான் கேக்கறேன். நீங்க சொன்னா நம்புவாங்க. நீங்க ஒருத்தர் சொன்னாத்தான் நம்புவாங்க. நான் படிக்கப் போகணும். பூவும் வேணாம், பொட்டும் வேணாம். இந்த நடுவுல நிக்கிற பொழைப்பு எனக்கு வேணாம்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மோரைக் குடிக்காமலே கீழே வைத்தார். "உங்கப்பாவை ஞாயித்துக்கெழமை வரச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆச்சரியம். அவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. மணிக்கே சத்தியம் செய்யாத மனிதரை எனக்காகப் பொய் சொல்ல வைக்கிறேனே என்று உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் மாமா, அத்தை, என் அப்பா மூவரும் இருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். அவர் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "நான் முன்ன சொன்னது சரியில்லீங்க," என்று ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நாங்க ரெண்டு பேருதான் போனோம். ஆத்துல ஜப்பான்காரன் பாலம் கட்றானான்னு பார்த்துட்டு வரணும். நான் தாழப் போய்க் கீழ பார்க்கிறேன். அவன் எனக்குப் பின்னால வளைஞ்சி வளைஞ்சி வர்றான். என்னை எவனும் பின்னாலருந்து அடிச்சிடாமப் பார்த்துக்கறதுதான் அவன் வேலை. கீழேருந்து சுட்டது நெசந்தான். மேகம்னு சொன்னேன். மேகமே இல்ல. பளிச்சினு வெயிலு."

அதுவரை எவ்வளவு திறமையாகப் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்போது அவருடைய கைகளைப் பார்த்தேன். பேசப்பேச இரண்டும் தாமாக மேலே எழும்பிவிட்டன. வலது கை முன்னால், இடது கை அதன் பின்னால், விரல்கள் நீட்டியபடி. இடது கை லேசாக ஒருக்களித்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, கீழே இறங்கிப் பாயில் படிந்தது. வலது கை மட்டும் அதற்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தது.

"குதிடான்னு கத்தினேன். குதிக்கிற உயரம் இல்ல. ஆத்து மணல்ல எறக்கப் பார்த்தான். வண்டி எறங்கி ஓடிச்சு. அப்புறம் கவுந்துடுச்சு. தீ வந்துது. நான் சுத்திகினே இருந்தேன். பெட்ரோல் போதாதுன்னு தெரிஞ்சும் சுத்தினேன். யாரும் வெளியே வரல."

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "எங் கொழந்தை கடைசியா ஏதாவது சொன்னானாப்பா?" என்றார்.

"ரேடியோவுல 'டேய்'னு ஒரு தபா கூப்பிட்டான். அவ்ளோதாம்மா."

இடது கை இன்னும் பாயிலேயே கிடந்தது. அதைத் தூக்க அவரால் முடியவில்லை. இந்த மனிதருக்குக் கதை கட்டத் தெரியாது. நான் கேட்ட பொய்யை அவர் சொல்லவில்லை.

அத்தை எழுந்து அவர் தோளில் மாறி மாறி அடித்தார். "ஏண்டா, இத்தினி நாளா ஏண்டா சொல்லல?" அவர் அசையாமல் வாங்கிக்கொண்டார். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "உடு, உடு அவனை," என்றார். உடம்பு கிடைக்காத சாவுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்துவது வழக்கம். அதற்கு நாள் பார்க்கச் சொல்லி மாமா என் அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் பின்கட்டு வழியாகக் கிணற்றடிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவரும் அங்கே வந்தார்.

"ஏன் அண்ணா?" என்றேன்.

"ஆபீசரு பென்சிலை வெச்சிகினு கேட்டாரு, விழுந்ததைப் பார்த்தியான்னு. எனக்கு உன் மொகந்தான் தெரிஞ்சிது. கல்யாணத்தப்ப கை நெறைய வளையல் போட்டுகினு நின்ன பாரு, அப்படி. பார்த்தேன்னு சொன்னா அதெல்லாம் அன்னிக்கே போயிடும். பார்க்கலன்னுட்டேன். இங்க வந்தும் அதையே சொன்னேன். உன் பொட்டு நிக்கட்டும்னு நெனச்சேன், தங்கச்சி."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"பர்மாவுலருந்து எப்படிக் கேக்கறது?"

"திண்டிவனத்துக்கு வந்தப்புறம்?"

"கேட்டிருக்கணும்," என்றார்.

அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. தன் ஆயுசில் அவர் சொன்ன ஒரே பொய் எனக்காக. அந்தப் பொய்யில் என் இரண்டு வருஷம் போய்விட்டது. அன்பு வைத்தவர்கள் நம் பக்கம் திரும்பி ஒரு தடவை கேட்கமாட்டார்களா?

திட்டவில்லை. கேட்க ஆரம்பித்தேன். அந்த அதிகாரி கேட்டிருப்பாரே, அந்த மாதிரி. முதலில் புகை எங்கே வந்தது என்றேன். மூக்குப் பக்கம், பார்த்தேன் என்றார். இறங்கும்போது மூடியைத் திறந்தாரா என்றேன். பாதி திறந்தது, பார்த்தேன் என்றார். கை தெரிந்ததா? தெரிந்தது. கவிழ்ந்த பிறகு? தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் என் முகத்தை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார். யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார். இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"வலிச்சிருக்குமா அண்ணா?"

இல்லம்மா, ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

"தெரியாது, தங்கச்சி," என்றார். "அதை நான் பார்க்கல."

அவர் சொன்ன அத்தனையையும் அப்போதுதான் நான் முழுதாக நம்பினேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். வீட்டுக்குள்ளிருந்து யாரும், அழாதே என்று சொல்லவில்லை.